துப்பாக்கி விளையாட்டுகளின் முதல் பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியிலும் கைப்பேசியிலும் இளைஞர்கள் குழுவாக ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளைப் பற்றிச் சில வாரங்களாகத் தங்கள் வாசகர் பக்கத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அறவே விலக்க வேண்டும் என்று ஒரு சாராரும், அவற்றில் எதிர்காலம் இருக்கிறது என்று இன்னொரு சாராரும் எழுதுகிறார்கள். இரு தரப்பினர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டுக்குள் நேற்றுத்தான் காலெடுத்து வைத்த ஒருவர், சண்டை என்று வரும்போது எதை முதலில் கற்க வேண்டும், எதைப் பிறகு கற்க வேண்டும் என்பதை இதுவரை ஒரு கடிதமும் தொடவில்லை. திருச்சி உறையூரில் 2004-ஆம் ஆண்டிலிருந்து கணினி மையம் நடத்திவருபவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். கடிதம் நீளமாக இருப்பதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் மையத்தைத் தொடங்கியபோது ஆறு கணினிகளும் அவற்றை இணைக்கும் ஒரு லேன் கம்பியும்தான் இருந்தன. ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் கட்டப்பட்ட மாற்றமாக 1999-இல் பிறந்து, 2000-இல் வால்வ் நிறுவனத்தின் வெளியீடாக வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் 1.6 பதிப்பைத்தான் அன்று எல்லாரும் கேட்டு வந்தார்கள். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம் என்று டஸ்ட் 2 என்ற வரைபடத்தில், அதாவது ஆட்டக் களத்தில், மாலை முழுவதும் ஆடுவார்கள். இன்று அதே மேசைகளில் 2020-இல் வந்த வாலரன்டும் 2023-இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-உம் ஓடுகின்றன. இடத்துக்காகக் காத்திருப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) ஆடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ புதியவர்கள் தோற்பதை அவர்களுடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அன்று தோற்றவர்கள் செய்த அதே இரண்டு மூன்று பிழைகளைத்தான் இன்று வருபவர்களும் செய்கிறார்கள்.

தோற்றவுடன் அவர்கள் சொல்லும் காரணமும் அன்றும் இன்றும் ஒன்றுதான். "எனக்குக் கை வேகம் பத்தலண்ணே" என்பார்கள். கண்ணில் பட்டதற்குக் கை இயங்க மனிதர்களுக்குப் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு விநாடியிலிருந்து கால் விநாடி வரை ஆகிறது. நன்றாக ஆடுபவருக்கும் புதியவருக்கும் இதில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. எதிராளி கண்ணில் படும் அந்த நொடிக்கு முன்பே, திரையின் நடுவிலுள்ள குறி எங்கே நோக்குகிறது, கால் நிற்கிறதா ஓடுகிறதா, உடல் எந்த இடத்தில் வெளியே தெரிகிறது என்ற மூன்றும் முடிவாகிவிடுகின்றன. புதியவர் அங்கேதான் தோற்கிறார். கை வேகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு இது தெரியவே வராது. அதனால்தான் முதல் மாதத்தில் யாரிடமும் நான் வேகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதலில் கால். என் தங்கை மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கற்றுக்கொள்ள வேண்டும் என்று மையத்துக்கு வந்தாள். முதல் நாள் அவள் ஏகே-47 வைத்துக்கொண்டு, எதிரே பதினைந்தடி தூரத்தில் நின்ற ஒருவனை நோக்கிப் பக்கவாட்டில் ஓடியபடியே பத்துக் குண்டுகளைச் சுட்டாள், ஒன்றுகூடப் படவில்லை. அவன் நின்று ஒரே குண்டில் அவளை வீழ்த்தினான். "குறி அவன் மேலதான் மாமா இருந்துச்சு, குண்டு எங்க போச்சு?" என்று கேட்டாள். அவள் சொன்னது உண்மை. குறி அவன் மேல்தான் இருந்தது. இந்த விளையாட்டுகளில் ஓடிக்கொண்டே சுட்டால், ரைபிளின் குண்டு குறி இருக்கும் இடத்துக்குப் போவதில்லை. குறியைச் சுற்றிய பெரிய வட்டத்துக்குள் எங்கோ சிதறுகிறது. வேகம் ஏறத்தாழ அடங்கினால்தான் குண்டு குறியைத் தேடிப் போகும். விளையாட்டை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்த விதி இது. நகர்வதும் சுடுவதும் ஒரே நேரத்தில் கிடைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த விசையிலிருந்து விரலை எடுத்தால் மட்டும் உருவம் உடனே நிற்காது, சற்று வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். அதே நேரத்தில் இடப்பக்க விசையை ஒரு கணம் தட்டினால் உருவம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் கணத்தில் சுட வேண்டும். பிள்ளைகள் இதைக் கவுன்டர்-ஸ்ட்ரேஃப் என்கிறார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இது மிகவும் அவசியம். வாலரன்டில் விசையை விட்டாலே உருவம் ஓரளவு விரைவாக நிற்கும் என்றாலும் பழக்கம் ஒன்றுதான். சிலம்பம் கற்றுத்தரும் ஆசான்கள் கம்பைச் சுழற்ற விடுவதற்கு முன் காலடியைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் தெருவில் அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இந்த வரிசை இயல்பாகவே பட்டது. என் தங்கை மகளுக்கு மூன்று நாட்கள் வேறெதையும் கொடுக்கவில்லை. வெற்றுச் சுவர் முன் நிற்க வேண்டும், வலப்பக்கம் இரண்டடி நகர வேண்டும், எதிர் விசையைத் தட்ட வேண்டும், ஒரே ஒரு குண்டு சுட வேண்டும். பிறகு இடப்பக்கம் அதையே செய்ய வேண்டும். சுவரில் வைத்த குறியிலேயே துளை விழுந்தால் நின்றாள் என்று பொருள், தள்ளி விழுந்தால் நிற்கவில்லை என்று பொருள். மூன்றாம் நாள் மாலை துளைகள் ஒரு கைக்குட்டை அளவுக்குள் அடங்கின. அதன் பிறகுதான் எதிராளிகளை அவள் முன் நிறுத்தினேன்.

அடுத்தது, திரையின் நடுவில் இருக்கும் குறி. நடக்கும்போது புதியவர்கள் அனைவரும் தரையைப் பார்க்கிறார்கள். தெருவில் நடக்கும் நமக்குக் கீழே பார்ப்பது நல்ல பழக்கம். இங்கே அது உயிரை வாங்கிவிடும். எதிராளி வெளிப்பட்டவுடன் குறியைத் தரையிலிருந்து நெஞ்சுக்கும் நெஞ்சிலிருந்து தலைக்கும் ஏற்ற வேண்டியிருக்கிறது, அதற்குள் அவர் சுட்டுவிடுகிறார். குறி எப்போதும் தலை உயரத்தில், எதிராளி வெளிப்படக்கூடிய மூலையை ஒட்டி இருந்தால், மவுஸை அசைக்க வேண்டிய தேவையே பாதி நேரம் இருக்காது. தலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விளையாட்டின் கணக்கே சான்று. வாலரன்டில் முழுக் கவசம் அணிந்தவருக்கு உயிரும் கவசமும் சேர்த்து 150 புள்ளிகள். வாண்டல் ரைபிளின் குண்டு உடலில் பட்டால் 40 போகும், தலையில் பட்டால் 160 போகும். உடலுக்கு நான்கு குண்டுகள் தேவைப்படும் இடத்தில் தலைக்கு ஒன்று போதும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தில் 2,700 டாலர் கொடுத்து வாங்கும் ஏகே-47-உம் அப்படித்தான். தலைக்கவசம் இருந்தாலும் வழக்கமான தூரங்களில் ஒரே குண்டில் ஆள் விழுவார்.

இதைச் சொல்லிக்கொடுக்க நான் கைக்கொள்ளும் வழி எளிமையானது. யாரும் இல்லாத வரைபடத்தில் தனியாக நடக்கச் சொல்லிவிட்டு, மானிட்டரில் குறி இருக்கும் இடத்தை ஒட்டி என் சுண்டுவிரலை வைத்துக்கொள்வேன். "இப்போ இந்த வாசல்ல ஒருத்தன் வந்தா, அவன் தலை என் விரல்கிட்ட இருக்குமா?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பேன். முதல் சுற்றில் பெரும்பாலும் விரல் எதிராளியின் முழங்காலில் இருக்கும், அல்லது வாசலுக்கு எட்டாமல் சுவரின் நடுவில் இருக்கும். மரப்பெட்டியின் மேல்விளிம்பு, சன்னல் கட்டை, சுவரில் தீட்டிய கோடு என்று தலை உயரத்துக்கு அடையாளம் சொல்லும் பொருள்கள் எல்லா வரைபடங்களிலும் உண்டு. அவற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் குறி தானாக மேலே தங்கிவிடுகிறது. தினமும் பத்து நிமிடம் இப்படித் தனியாக நடப்பது, ஒரு மணி நேரம் கண்மூடித்தனமாக ஆடுவதைவிடப் பலன் தருவதை என் மையத்தில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

மூலைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் காரணம் புரியாமல் சாவது இங்கேதான். சுவரை ஒட்டி நின்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஒரு மூலையின் இருபுறமும் இருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மூலையை உரசிக்கொண்டு நிற்கிறார், மற்றவர் ஐந்தாறு அடி தள்ளி நிற்கிறார். உரசி நிற்பவர் மெல்ல நகரும்போது அவருடைய தோள்தான் முதலில் மூலையைத் தாண்டி வெளியே போகிறது. அவருடைய கண் இன்னும் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. தள்ளி நிற்பவர் அந்தத் தோளைப் பார்த்துவிடுகிறார். ஆகவே மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ அவ்வளவு முன்னதாக எதிராளி நம் கண்ணில் படுவார். பள்ளி வடிவியலில் படித்த நேர்கோடு இதற்குப் போதும், ஆனால் விளையாட்டுக்குள் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. மூலையையே பார்த்துக்கொண்டு அசையாமல் காத்திருப்பவருக்குத்தான் சாதகம் என்று தோன்றும். இணையம் வழியாக ஆடும்போது அப்படி முழுவதும் இல்லை. ஓடி வெளியே வருபவர் நகர்ந்த செய்தி அவருடைய கணினியிலிருந்து, ஆட்டத்தை நடத்தும் பொதுக் கணினியான சர்வருக்குப் போய், அங்கிருந்து காத்திருப்பவரின் கணினிக்கு வந்து சேர வேண்டும். அந்த இடைவெளியில் வந்தவர் காத்திருப்பவரைப் பார்த்துவிடுகிறார். காத்திருப்பவரின் திரையில் வந்தவர் இன்னும் தோன்றவில்லை. வாலரன்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் விநாடிக்கு 128 முறை கணக்கிடும் சர்வர்களை அமைத்ததற்கு இந்த இடைவெளியைக் குறைப்பதும் ஒரு காரணம். குறைந்திருக்கிறது, மறையவில்லை. எனவே காத்திருக்கும் புதியவர் குறியைச் சுவர் விளிம்பிலேயே ஒட்டி வைக்கக் கூடாது. எதிராளி ஓடி வந்தால் கால் விநாடியில் எங்கே இருப்பாரோ, அந்த அளவு விளிம்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஒரு குண்டு சுட்டவுடன் பின்வாங்கி வேறு இடத்துக்கு நகர வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வாசல்களுக்கு உடலைக் காட்டும் இடத்தில் நிற்கவே கூடாது. இவற்றைத் தெரிந்துகொள்வதற்குக் கை வேகம் எதுவும் தேவையில்லை என்பதை ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டும்.

மவுஸ் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பெற்றோரின் பணம் வீணாகப் போவது இதில்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு கடையில் "இதை வாங்கிக்கொடுத்தால் பையன் முன்னேறிவிடுவான்" என்று சொல்லி நான்காயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள மவுஸை விற்றிருக்கிறார்கள். வாங்கி இரண்டு மாதமாகியும் பையன் முன்னேறவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, கவலை. பையனை உட்காரவைத்து, மவுஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தேன். திரையில் இருந்த உருவம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தொடங்கிய திசைக்கே வருவதற்கு மவுஸ் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்தேன். எட்டு சென்டிமீட்டர். வாலரன்டில் 1600 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குல நகர்வை எத்தனை புள்ளிகளாக எண்ணுகிறது என்ற அளவு), சென்சிட்டிவிட்டி 1 (அந்த நகர்வுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஆட்டத்துக்குள் வைக்கும் அளவு) என்று வைத்திருந்தான். அதாவது கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால் பார்வை நான்கு டிகிரிக்கு மேல் திரும்பும். இருபது மீட்டர் தள்ளி நிற்பவரின் தலை நம் பார்வையில் அடைத்துக்கொள்ளும் அகலம் ஒரு டிகிரிகூட இல்லை. அந்த அமைப்பில் தலையைக் குறிவைப்பது யாராலும் முடியாத காரியம். அந்தப் பையன் இரண்டு மாதமாக அதைத்தான் முயன்றுகொண்டிருந்தான்.

800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 0.35 என்று மாற்றினேன். முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் ஆயிற்று. "திரும்பவே முடியலண்ணே" என்று இரண்டு நாள் வருந்தினான். அதுவரை மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பழகியவன் முழங்கையிலிருந்து கையை நகர்த்த வேண்டியிருந்தது, மேசையில் அதற்கு இடமும் ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டான். அந்த மவுஸில் குறையும் இல்லை, அந்த மவுஸால் சிறப்பும் இல்லை. என் மையத்தில் இருக்கும் சாதாரண மவுஸிலும் இதே அளவை வைத்து ஆடலாம். இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: புகழ்பெற்ற ஆட்டக்காரர் யாரோ வைத்திருக்கும் எண்ணை நகலெடுத்து, வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்தால் கைக்கு எந்த அளவும் பழகாது. ஓர் அளவைத் தேர்ந்துகொண்டு, ஒரு மாதமாவது அதைத் தொடக் கூடாது.

குண்டுகளைத் தொடர்ந்து பொழிவது, அதாவது ஸ்ப்ரே, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஏகே-47-இன் முப்பது குண்டுகளும் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். முதல் எட்டு ஒன்பது குண்டுகள் பெரும்பாலும் மேல்நோக்கி ஏறும், அதன் பிறகு பக்கவாட்டில் ஆடும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இந்த வடிவம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருப்பதால், வெற்றுச் சுவரில் சுட்டுத் துளைகளைப் பார்த்து, மவுஸை அதற்கு எதிர்த்திசையில் கீழே இழுத்துப் பழகலாம். வாலரன்டில் முதல் சில குண்டுகளுக்குப் பிறகு பக்கவாட்டு ஆட்டத்தைக் கணிக்க முடியாது என்பதால், முழு வடிவத்தையும் மனப்பாடம் செய்ய முயல்வது வீண். புதியவருக்கு நான் சொல்வது, கைக்கெட்டும் தூரமென்றால் பொழியலாம், நடுத்தரத் தூரமென்றால் மூன்று நான்கு குண்டுகளோடு நிறுத்தி மறுபடி சுட வேண்டும், தொலைவென்றால் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும் என்பதே. முதல் மாதத்தில் முதல் ஐந்து குண்டுகளை அடக்கக் கற்றால் போதும்.

சில சிறு பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குண்டு சுட்டவுடனே ரீலோடு செய்யும், அதாவது மறுபடி குண்டு நிரப்பும், பழக்கத்தை விட வேண்டும். வாண்டலுக்கும் ஏகே-47-க்கும் அதற்கு ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகிறது, அவ்வளவு நேரமும் நாம் வெறுங்கையோடு நிற்கிறோம். வேகமாக ஓடுவதற்காகக் கத்தியைக் கையில் எடுப்பவர்கள், எதிராளி இருக்கக்கூடிய பகுதிக்கு முன்பே துப்பாக்கிக்கு மாறிவிட வேண்டும். ஓடினால் காலடி ஓசை எதிராளிக்குக் கேட்கும், ஷிஃப்ட் விசையை அழுத்தி நடந்தால் கேட்காது. ஆகவே ஹெட்போன் அணிந்து ஆடுபவருக்குச் சுவருக்கு அப்பால் வருபவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பது முன்னரே தெரிந்துவிடும். நூறு ரூபாய் இயர்போன்கூட ஸ்பீக்கரைவிட எவ்வளவோ மேல்.

கைப்பேசியில் ஆடுபவர்களுக்கு நிலைமை வேறு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென ஒரு பதிப்பு வந்து, 2022 ஜூலையில் அதுவும் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பி வந்த கதை வாசகர்களுக்குத் தெரியும். அதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, எடுத்த எடுப்பில் எரங்கல் வரைபடத்தில் நூறு பேர் ஆட்டத்துக்குள் குதிப்பது. எட்டுக் கிலோமீட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் பரப்பில் இருபது நிமிடம் பொருள் பொறுக்கிவிட்டு, பத்து விநாடி சண்டையில் செத்துப்போகிறார்கள். மாலை முழுவதும் ஆடினாலும் நாலைந்து சண்டைகளுக்கு மேல் கிடைப்பதில்லை. சண்டையைக் கற்க வந்தவருக்கு அது போதாது. டீம் டெத்மேட்ச் என்ற குறுகிய குழு ஆட்டத்தில் செத்தவுடன் எழுந்து மறுபடி சண்டைக்குப் போகலாம் என்பதால் பத்து நிமிடத்தில் பல சண்டைகள் கிடைத்துவிடும். பயிற்சி மைதானத்தில் எம்416 துப்பாக்கியையும் ரெட் டாட் சைட் என்ற, சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் துள்ளலைக் கட்டைவிரலால் கீழே இழுத்து அடக்கப் பழகுவது நல்ல தொடக்கம். இரண்டு கட்டைவிரல்களால் மட்டும் ஆடுபவருக்கு, பார்வையைத் திருப்புவதும் சுடுவதும் ஒரே விரலின் வேலையாகிவிடுகிறது. இடது ஆட்காட்டி விரலைச் சுடும் பொத்தானுக்குப் பழக்கினாலே அந்த முட்டுக்கட்டை நீங்கும். கைப்பேசியையே சாய்த்துக் குறிபார்க்க உதவும் ஜைரோஸ்கோப்பை அதற்கடுத்த மாதத்துக்கு ஒத்திப்போடலாம்.

கருவியும் இணைப்பும் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் சுமார் 17 மில்லிவிநாடிக்கு ஒரு முறை படத்தை மாற்றுகிறது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 7 மில்லிவிநாடிக்கு ஒரு முறை மாற்றுகிறது. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சர்வரோடு இணைந்து ஆடுபவருக்கும், தவறுதலாகத் தொலைதூரச் சர்வரில் மாட்டிக்கொண்டவருக்கும் ஒரே அனுபவம் கிடைக்காது. அமைப்புகளில் சர்வரைச் சரிபார்ப்பதும், வைஃபைக்குப் பதில் கம்பி இணைப்பைப் பயன்படுத்துவதும் செலவில்லாமல் செய்யக்கூடியவை. ஆனால் நின்று சுடவும் குறியைத் தலை உயரத்தில் வைக்கவும் தெரியாதவருக்குப் பத்து மில்லிவிநாடி மிச்சம் கிடைத்து எந்தப் பயனும் இல்லை. ஓர் ஆண்டு ஆடிய பிறகு மானிட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

என் மையத்தில் நான்காம் எண் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நீளநோட்டு கிடக்கிறது. புதியவர்கள் ஒவ்வொரு முறை சாகும்போதும் ஏன் செத்தோம் என்பதை நான்கே சொற்களில் அதில் எழுத வேண்டும் என்பது நான் வைத்த விதி. "ஓடிக்கொண்டே சுட்டேன்", "குறி தரையில் இருந்தது", "இரண்டு வாசல் தெரிந்தது", "காலடி கேட்டும் ரீலோடு" என்று எழுதுவார்கள். "அவன் அதிர்ஷ்டம்" என்று எழுதினால் அடித்துவிட்டு, ரீப்ளே பார்த்துத் திருத்தச் சொல்வேன். பத்து நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் ஏதாவது ஒரு காரணம் பாதிக்கு மேல் வரும். அடுத்த வாரம் முழுவதும் அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். நாளுக்கு நாற்பது நிமிடத்தை நான் இப்படிப் பிரித்துத் தருகிறேன்: சுவர் முன் பத்து நிமிடம், ஆளில்லாத வரைபடத்தில் பத்து நிமிடம், டெத்மேட்சில் இருபது நிமிடம். டெத்மேட்சில் எத்தனை பேரைச் சுட்டோம் என்று பார்க்கவே கூடாது என்பது நிபந்தனை. அதற்கு மேல் நண்பர்களோடு ஆடுவது அவரவர் விருப்பம், வீட்டாரின் அனுமதி. குறி பழகுவதற்கென்றே தனியாக வரும் மென்பொருள்களை முதல் மாதத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் கை பழகுகிறது, கால் பழகுவதில்லை.

தோழர்களோடு சேர்ந்து ஆடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருவர் ஒரு வாசலுக்குள் போனால் இரண்டாமவர் ஓர் அடி இடைவெளியில் பின்தொடர வேண்டும். முன்னவர் விழுந்தால், சுட்டவர் மறைவதற்குள் அவரைப் பின்னவர் வீழ்த்திவிடலாம். இதற்குக் குரல்வழித் தொடர்பு தேவை, "இடது பெட்டிக்குப் பின்னால் ஒருவர்" என்று மூன்று நான்கு சொற்களில் சொன்னால் போதும். ஆனால் அந்தக் குரல்வழியில் புதியவர்களைக் கேட்கக் கூசும் சொற்களால் ஏசுகிறார்கள். என் தங்கை மகள் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறாள். பெண் குரல் கேட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் அவள் எத்தனையோ சுற்றுகளில் தனியாகச் சாகிறாள். ஏசுபவரின் குரலை மட்டும் அடைக்கவும், அவரைப் பற்றிப் புகார் செய்யவும் ஆட்டத்துக்குள்ளேயே வசதி உண்டு என்பதைப் புதியவர்களுக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இரகசியம் இல்லை. ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் என் மையத்துக்கு வருபவர்களில் பலர் ஆங்கிலத்தில் ஒரு மணி நேர விளக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை. தமிழில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை நன்றாக ஆடுபவர் ஆடுவதைக் காட்டுகின்றனவே தவிர, ஏன் அந்த இடத்தில் நின்றார் என்பதைச் சொல்வதில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டை விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்த்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்த அதே கையோடு மின்விளையாட்டை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட்டுக்கும் சதுரங்கத்துக்கும் தமிழ் நாளிதழ்கள் பல பத்தாண்டுகளாக இடம் தந்து வருகின்றன. சதுரங்கப் புதிர்களைத் தாளில் பார்த்தே காய் நகர்த்தக் கற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எனவே தங்கள் இளைஞர் பக்கத்தில் வாரம் ஒரு நாள், கால் பக்க அளவுக்கேனும், துப்பாக்கி விளையாட்டுக்குப் புதியவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு பழக்கம் என்று எடுத்துக்கொண்டால் எட்டு வாரத்தில் மேலே சொன்ன அனைத்தும் முடிந்துவிடும். எழுத ஆள் வேண்டுமென்றால் ஊதியம் எதுவும் இல்லாமல் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி. மூலையை உரசி நிற்பவரையும் தள்ளி நிற்பவரையும், இருவர் கண்ணிலிருந்தும் புறப்படும் கோடுகளையும் காட்டும் படம் ஒன்றை என் தங்கை மகள் பென்சிலால் வரைந்து கொடுத்திருக்கிறாள். அதை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் ஓவியர் அதைத் திருத்தி வரைந்து முதல் வாரத்தில் வெளியிட்டால், கத்தரித்து மையத்தின் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.